பிரமகமலம் – பெயரும் செடியும் வாழிடமும்

இமயமலையின் உயர்சரிவுகளில் மழைக்காலத்தில் பூக்கும் பிரமகமலத்தின் பெயரைத் தமிழ்நாட்டில் கேளாதார் சிலரே. ஆயினும், அப்பெயர் சொல்லித் தமிழ்நாட்டு வீடுகளில் வளர்க்கப்படுவதும், படம் எடுக்கப்படுவதும், விளக்கேற்றி வணங்கப்படுவதும் அச்செடி அன்று. மழை தொடங்கியதும் நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஆண்டுதோறும் ஒரு படம் வெளிவரக் காணலாம். இரவு நேரம், வீட்டு முற்றம், தொட்டியில் பெரிய வெண்ணிறப் பூ, சுற்றிலும் அக்கம்பக்கத்தார். ஆண்டுக்கு ஒருமுறை ஓரிரவு மட்டுமே பூப்பது என்று அதனடியில் குறிக்கப்பட்டிருக்கும். சிலவேளைகளில் அவ்வாண்டுக் கணக்குப் பன்னிரண்டாகவும் பதினான்காகவும் உயர்வதுண்டு. படத்தில் உள்ளது மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த கள்ளிவகை ஒன்று. இமயமலைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடம், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளைப் பேசுவோரிடத்தும் அக்கள்ளி பிரமகமலம் என்றே பெரிதும் வழங்குகிறது. மலையாளத்தில் அதற்கு நிசாகந்தி எனத் தனிப்பெயர் வேரூன்றியிருத்தலின் அங்கு மயக்கம் குறைவு. பெயர் ஒன்றாகிவிடும்போது இரு செடிகளைப் பற்றிய செய்திகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உத்தராகண்ட மலைகளில் பிரமகமலம் அருகிவருகிறது என்னும் செய்தி தமிழில் வரும்போது, ஒரு துண்டை ஒடித்து நட்டு ஐந்தாறு தொட்டிகளாகப் பெருக்கியவர் அதனை எவ்வாறு நம்புவார்? அன்றியும், கேதாரத்திலும் பத்ரியிலும் உண்மையான பிரமகமலத்தைக் கையில் பெறும் தமிழ்நாட்டு யாத்திரிகர், அஃது இன்னதென அறியாமல், பெயர் கேட்டபின் வியப்பும் ஐயமும் கொள்வதுண்டு. எனவே, எது அச்செடி, எங்கே அது வாழ்வது என்பதைத் தெளிவுபடுத்துதல் மொழிநிலையிலும் பயனுடையதாகும்.

தொட்டியில் பூப்பது

வீடுகளில் வளர்வது எபிபில்லம் ஆக்சிபெட்டாலம் என்னும் செடி. சப்பாத்திக்கள்ளியின் குடும்பத்தைச் சார்ந்தது. தென் மெக்சிகோ தொடங்கி மத்திய அமெரிக்கா வரையுள்ள ஈரக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. அதன் 'இலை' எனப் பலரும் கருதுவது உண்மையில் தட்டையான தண்டேயாகும். அத்தண்டின் விளிம்பிலுள்ள பள்ளத்திலிருந்து நீண்டதொரு குழல் புறப்பட்டு வளைந்து, அதன் நுனியில் பூ விரியும். இலையின்மேல் பூப்பது போலத் தோன்றுவதனாலேயே 'இலைமேல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அதன் பேரினப் பெயராயிற்று. குழலையும் சேர்த்துப் பூ 30 செ.மீ. நீளம் வரை வளரும். முன்னிரவில் மலரத் தொடங்கி நள்ளிரவில் முழுதும் விரிந்து, விடியுமுன் தலை சாய்ந்துவிடும். நன்கு வளர்ந்த செடி ஒரே ஆண்டில் பலமுறை பூக்கும். ஒரே இரவில் பத்துப் பூக்கள் மலர்வதும் உண்டு. ஆகவே பன்னிரண்டாண்டுக் கணக்கிற்கு அடிப்படை ஏதும் இல்லை. நீலக்குறிஞ்சியைப் பற்றிய செய்தி எங்கோ இதனோடு வந்து ஒட்டிக்கொண்டது போலும்.

வடக்கே பிரமன் பெயரால் ஒரு மலர் உண்டு என்னும் செய்தி யாத்திரை சென்றோர் வாயிலாகத் தெற்கே பரவியிருந்தது. ஆனால் அம்மலரைக் கண்டோர் மிகக் குறைவு. பெயர் வந்தது, பொருள் வரவில்லை. அந்நிலையில், இரவில் தனித்துப் பூக்கும் வெண்மலர் ஒன்று, நடுவில் பல கதிர்களாய்ப் பிரிந்த சூல்முடியோடும் அடர்ந்த மகரந்தத் தாள்களோடும் வீட்டு வாயிலில் தோன்றியபோது, உரியவர் இன்றி நின்ற பெயர் அதன்மேல் ஏறியது எனக் கருதலாம். சூல்முடியைப் பிரமனாகவும் மகரந்தத் தாள்களைப் பாம்பணையாகவும் காணும் வழக்கம் இப்பெயரேற்றத்திற்குத் துணைநின்றிருக்கிறது.

பெயரிட்ட அறிஞர்

இவ்விரு செடிகளையும் முதலில் அறிவியல் முறையில் விளக்கிப் பெயரிட்டவர் ஒருவரே என்பது சுவையான செய்தி. ஜெனீவாவைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் அகஸ்டின் டி கந்தோல் (1778–1841) மெக்சிகோக் கள்ளியை 1828-இலும் இமயமலைச் செடியை 1838-இலும் வெளியிட்டார். அவர் இவ்விரண்டையும் தொடர்பற்ற வேறு வேறு பேரினங்களில் வைத்தார். பின்வந்தோர் பேரினப் பெயர்களை மாற்றியமைத்தனர். அவ்வகையில் இமயமலைச் செடி இன்று பெறும் பெயர் சசூரியா ஆப்வலாட்டா என்பதாகும். சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது அது. தாமரைக்கும் அதற்கும் உறவில்லை, கள்ளிக்கும் இல்லை.

சசூரியா என்னும் பேரினப் பெயரும் டி கந்தோல் 1810-இல் அமைத்ததே. ஜெனீவாவின் சசூர் குடும்பத்துக்குப் பெருமை சேர்த்த ஓரேஸ் பெனடிக்ட் டி சசூர் (1740–1799) ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்தவர். மோன் பிளாங்க் சிகரத்தை எட்டுவோர்க்குப் பரிசு அறிவித்து, பிறர் எட்டியதற்கு மறு ஆண்டாகிய 1787-இல் தாமும் ஏறியவர். மலைச்செடிகளின் பேரினம் ஒன்று இக்குடும்பப் பெயரைத் தாங்குதல் பொருத்தமே. மொழியியல் பயில்வோர்க்கு இப்பெயர் புதிதன்று. குறிக்கும் சொல்லுக்கும் குறிக்கப்படும் பொருளுக்கும் இடையே இயற்கைப் பிணைப்பு இல்லை, வழக்கே அவற்றைப் பிணைக்கிறது என விளக்கிய பெர்டினாண்ட் டி சசூர் (1857–1913) இம்மலையேறியின் கொள்ளுப் பேரர் ஆவார். அக்கொள்கைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் அக்குடும்பப் பெயர் கொண்ட இச்செடியையே காட்டலாம்.

ஆப்வலாட்டா என்னும் இலத்தீன் அடைமொழிக்கு 'மதிலாற் சூழப்பெற்றது' என்பது பொருள். செடியின் தலையாய அடையாளம் இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

செடியை அறிதல்

பிரமகமலம் பல்லாண்டு வாழும் சிறுசெடி. தடித்த வேர்த்தண்டு மண்ணுள் புதைந்திருக்க, அதன் கழுத்தைச் சென்ற ஆண்டுகளின் இலைக்காம்புகள் காய்ந்து கருத்த எச்சங்களாய்ச் சூழ்ந்திருக்கும். அதிலிருந்து எழும் தண்டு 20 முதல் 60 செ.மீ. வரை உயரும். அடியிலைகள் நீண்ட முட்டை வடிவின; விளிம்பில் பற்கள் உடையன; தொட்டால் சற்றே பிசுபிசுக்கும். தண்டில் மேலேறுந்தோறும் இலைகளின் பச்சை குறைந்து, உச்சியை நெருங்கும்போது அவை வெளிறிய மஞ்சள் கலந்த வெண்மையாய், மெல்லிய தாள் போன்று, ஒளி ஊடுருவும் தன்மையுடையனவாய், படகுபோல் குழிந்த வடிவு பெறும். ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம் வரை வளரும். இவை ஒன்றன்மேல் ஒன்று கவிந்து பெரியதொரு மொக்கின் தோற்றத்தைத் தருகின்றன. யாத்திரிகர் பூவிதழ் எனக் கருதுவது இவற்றையே.

ஆனால் இவை இதழ்கள் அல்ல, உருமாறிய இலைகள். பூவடிச் செதில் எனத் தாவரவியல் நூல்கள் இவற்றைச் சுட்டும். உண்மையான பூவைக் காண வேண்டுமாயின் இம்மதிலை விலக்கிப் பார்த்தல் வேண்டும். உள்ளே ஆறு முதல் பதினைந்து வரையிலான பூந்தலைகள் நெருங்கிப் பந்துபோல் அமைந்திருக்கும். அவற்றைத் தாங்கும் சிறுசெதில்களின் விளிம்பு கருஞ்சிவப்பு. ஒவ்வொரு தலையிலும் பல சிறுபூக்கள்; அவற்றின் நிறம் ஊதா. ஆகவே, 'பிரமகமலம் வெண்மலர்' என்னும் கூற்று பாதியளவே உண்மை. வெண்மை உறையின் நிறம். மலரின் நிறம் ஊதா. வாடிய பின்னர்ப் பழுப்புநிறத் தூவியுடைய விதைகள் காற்றிற் பரவும்.

கள்ளியோடு ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு தெளிவாகும். கள்ளியில் இலையே இல்லை. இதிலோ பற்களுடைய இலைகள் தண்டைச் சூழ்ந்து நிற்கும். கள்ளிப்பூ தண்டின் விளிம்பிலிருந்து தொங்கும். இதன் உறை தண்டின் உச்சியில் நிமிர்ந்திருக்கும். கள்ளிப்பூ ஓரிரவில் முடியும். இதுவோ இரவு பகல் என்ற வேறுபாடின்றிப் பல நாள் நிற்கும். கள்ளியின் மணம் இனியது. பிரமகமலத்தின் மணம் கனத்தது, அடர்ந்த இடங்களில் தலைசுற்றச் செய்வது என்று மலைவாழ்நர் கூறுவர். இவையனைத்திலும் எளிய சோதனை ஒன்றுண்டு. சமவெளியில், மொட்டைமாடியில், மார்கழிப் பனியன்றி வேறு குளிர் அறியாத ஊரில் ஒரு செடி பூக்குமாயின், அது பிரமகமலம் அன்று. இது வாழிடத்தைப் பற்றிய செய்தி. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

மரங்கள் முடியும் இடம்

இமயமலையில் ஏறுவோர் தேவதாருக் காடுகளையும் ஓக் மரக் காடுகளையும் கடந்து செல்லுங்கால், மரங்கள் படிப்படியாகக் குட்டையாகிக் கோணலாவதைக் காண்பர். இறுதியாக எஞ்சுபவை இரண்டு: குறுகி வளைந்த ரோடோடெண்டிரான் புதர்கள், வெண்பட்டை உரியும் பூர்ஜ மரங்கள். தெற்கே பனையோலை நூல் தாங்கியது போல வடமேற்கே நூல் தாங்கியது இப்பூர்ஜ மரத்தின் பட்டையே. அதற்குமேல் மரம் இல்லை. உத்தராகண்டத்தில் இவ்வெல்லை ஏறத்தாழ 3,300 முதல் 3,600 மீட்டர் உயரத்தில் அமைகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைவதால், மரம் ஒன்று தண்டைத் தடிக்கச் செய்யத் தேவையான வெப்பம் இங்குக் கிட்டுவதில்லை.

மர எல்லைக்கு மேல் விரியும் புல்வெளியைக் கட்வால் மக்கள் 'புக்யால்' என்பர். கோடையில் ஆடுமாடுகள் மேயும் இடம் அது. மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கான வகைப் பூக்கள் ஒருசேர மலரும் இடமும் அதுவே. 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் கண்டு 'பூப்பள்ளத்தாக்கு' எனப் பெயரிட்ட பள்ளத்தாக்கு இத்தகையது. அவர் அதைப் பற்றி எழுதிய நூல் 1938-இல் வெளிவந்தது. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

எனினும், பிரமகமலத்தைத் தேடுவோர் புல்வெளியின் நடுவே நிற்பதாற் பயனில்லை. புல் மெலிந்து பாறைகள் தலைகாட்டும் மேற்பகுதியே அதன் இருப்பிடம். சரிந்து குவிந்த கற்களின் இடுக்கு, பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல், உருகும் பனிநீர் கசியும் ஓடைக்கரை ஆகியவற்றில் அது மிகுதி. கல் அதற்கு இருவகையில் துணை செய்கிறது: காற்றைத் தடுக்கிறது, பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையில் திருப்பித் தருகிறது. ஏம்குண்டு நோக்கிச் செல்லும் பாதையின் மேற்பகுதி, கேதார்நாத்திற்கு மேலுள்ள வாசுகி ஏரிப் பாதை, ருத்ரநாத்தைச் சூழ்ந்த சரிவுகள் ஆகியன இச்செடி நன்கறியப்பட்ட இடங்கள். மேற்கே காசுமீரப் பகுதி முதல் கிழக்கே நேபாளம், சிக்கிம், பூட்டான் கடந்து தென்மேற்குச் சீனம் வரை இது பரவியுள்ளது. இப்பரப்பு முழுவதிலும் 3,200 மீட்டருக்குக் கீழே இது காணப்படுவது அரிது. மேலெல்லை ஏறத்தாழ 4,700 மீட்டர்.

இவ்வெண்களைத் தென்னாட்டு மலைகளோடு ஒப்பிடுதல் நலம். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிகவுயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். அதன் உச்சியும்கூடப் பிரமகமலத்தின் கீழெல்லைக்கு ஐந்நூறு மீட்டர் தாழ்ந்தே நிற்கிறது. ஆகவே உதகையிலோ கொடைக்கானலிலோ பிரமகமலம் காட்டுச்செடியாய் இருத்தல் இயலாது.

ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் செடியின் மேற்பகுதி முழுதும் மடிந்து, வேர்த்தண்டு மட்டும் பனிப்போர்வையின் கீழ் உறங்கும். பனி விலகியதும் இலைகள் எழும். ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களுக்குள் பூத்து, கருவுற்று, விதை முற்றி உதிர்தல் வேண்டும். அம்மாதங்களே பருவமழை மலைமேல் மோதும் காலம். நாள்தோறும் மழை, மூடுபனி, மழை விட்டால் கடுவெயில். இச்சூழலில் திறந்த பூவின் மகரந்தம் நனைந்து கெடும். உயரத்திற்கேற்ப மிகும் புறஊதாக் கதிர் திசுக்களைத் தாக்கும். இரவுக் குளிர் சூலைக் குன்றச் செய்யும். இம்மூன்றிற்கும் ஒருசேர விடையாய் அமைந்ததே வெளிறிய செதிலுறை. மழையைத் தடுக்கும் கூரையாகவும், புறஊதாவை வடிகட்டி ஒளியை மட்டும் உள்ளே விடும் திரையாகவும், வெயிற்பொழுதில் உட்காற்றைப் புறக்காற்றினும் வெப்பமாக்கும் கண்ணாடி வீடாகவும் அது பணிசெய்கிறது. உயர்மலைக் குளிரிலும் பறக்கவல்ல, உடலெங்கும் மயிரடர்ந்த பெருந்தேனீக்கள் செதில்களின் இடைவெளி வழியே நுழைந்து மகரந்தம் சேர்க்கின்றன. சமவெளிச் செடிக்கு இத்தகைய உறை சுமையாகும். மலைச்செடிக்கு அதுவே வாழ்வு.

மலையில் நேரும் மயக்கம்

சமவெளியார் மட்டுமின்றி மலையேறுவோரும் மயங்குவதுண்டு. 'கமல்' என்னும் சொல் இமயமலைப் பகுதி மொழிகளில் தாமரை என்ற பொருளோடு நில்லாமல், உயரத்தில் தனித்துப் பூக்கும் பெரும்பூ எதற்கும் பொதுச்சொல்லாய் விரிந்திருக்கிறது. பிரமகமலத்தினும் உயரத்தில் வாழும் சசூரியா வகை ஒன்று உடல் முழுதும் வெண்பஞ்சு போன்ற மயிரால் மூடப்பட்டுப் பனிக்கட்டி உருண்டைபோல் தோன்றும். நுரைத்தாமரை எனப் பொருள்படும் 'பேன் கமல்' என அதனை அழைப்பர். அதற்குச் செதிலுறை இல்லை. பஞ்சே அதன் போர்வை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. இரண்டும் குளிரை வெல்ல இருவேறு வழி கண்டவை.

கிழக்கு இமயத்தில் வேறொரு மயக்கம் நேரும். சிக்கிமின் உயர்சரிவுகளில் ஆள் உயரத்திற்கும் மேல் கோபுரம்போல் நிற்கும் ரியம் நோபிலே என்னும் செடியும் வெளிறிய, ஒளி ஊடுருவும் செதில்களால் தன்னைப் போர்த்திக்கொள்வது. தொலைவிலிருந்து காண்போர் அதனைப் பெரிய பிரமகமலம் என்பர். குடும்பமே வேறு, உயரம் ஒன்றே வேறுபாட்டைக் காட்டிவிடும். உறவில்லாத இரு செடிகள் ஒரே சூழலில் ஒரே வகைக் கண்ணாடி வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பது, வாழிடம் உருவத்தை வனையும் திறத்துக்குச் சான்று.

சௌகந்திகம் இதுவா?

பாரதத்தில் திரௌபதி விரும்பிய சௌகந்திக மலர் இதுவே என்பது கட்வால் பகுதியில் பரவலாகச் சொல்லப்படுவது. வில்லிபாரதத்தில் புட்பயாத்திரைச் சருக்கம் வீமன் அம்மலர் தேடிச் சென்றதை விரிக்கும். வடமொழிப் பாரதம் அம்மலரைக் குபேரனின் பொய்கையில் பூக்கும் நறுமணத் தாமரையாகக் காட்டுகிறது; காவலரோடு வீமன் பொருததும் அப்பொய்கைக் கரையிலேயே. பிரமகமலம் நீரில் வளர்வதன்று, கல்லிடுக்கில் வளர்வது. நறுமணம் என்று சொல்லத்தக்க மணமும் அதற்கு இல்லை. இடம் இமயம் என்ற ஒப்புமை ஒன்றைத் தவிர வேறு சான்று கிட்டாமையின், இவ்வடையாளத்தை மக்கள் நம்பிக்கை என்ற அளவிலேயே கொள்ளுதல் முறை. காவியப் பூக்கள் யாவும் தாவரவியல் நூலில் இடம்பெற்றே ஆகவேண்டும் என்பதில்லை.

பறிப்பும் பழைய நெறியும்

பிரமகமலம் உத்தராகண்டத்தின் மாநில மலர். மலைவாழ் மக்களின் மருத்துவத்திலும் திபெத்திய மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. ஆயினும் இதன் பயன்பாட்டில் பெரும்பகுதி வழிபாட்டைச் சார்ந்தது. பாத்திரபத மாத வளர்பிறை எட்டாம் நாளாகிய நந்தாட்டமியன்று, மலைமகளாகிய நந்தாதேவிக்கு இம்மலரைச் சாத்துவது கட்வால், குமாவுன் பகுதிகளின் வழக்கம். சிற்றூர்களிலிருந்து நோன்பிருந்து, வெறுங்காலோடு புக்யால்களுக்கு ஏறிச் சென்று, கூடைகளில் கொண்டுவருவர். அந்நாளுக்கு முன் பறித்தல் ஆகாது என்பது பழைய நெறி. தெய்வக்குற்றம் என்று சொல்லப்பட்ட இத்தடையின் விளைவு வேறொரு வகையிலும் நோக்கத்தக்கது. நந்தாட்டமி வருவது ஆகஸ்டு பிற்பகுதிக்கும் செப்டம்பர் பிற்பகுதிக்கும் இடையே. அதற்குள் முன்பூத்த செடிகள் விதைப்பருவத்தை எட்டிவிடும். பறிப்பவர் செல்வதும் ஆண்டுக்கு ஒருமுறையே. கூடையின் அளவே பறிப்பின் அளவு.

சாலைகள் நீண்டு யாத்திரிகர் கூட்டம் பெருகியபின் இவ்வெல்லை தளர்ந்தது. கேதாரத்திலும் பத்ரியிலும் யாத்திரைக் காலம் முழுவதும் மலர் வேண்டப்படுகிறது. சிராவண மாதத்திலேயே, மதிலுறை வெண்மையாய் இளமையோடு இருக்கும்போதே பறிப்பது விலைக்கு உகந்ததாயிற்று. அப்போது விதை உருவாகியிருப்பதில்லை. பறிப்போர் தண்டை ஒடிக்காமல் வேர்த்தண்டோடு பிடுங்கும்போது, வரும் ஆண்டுகளின் பூவும் சேர்ந்து அழிகிறது. ஒரு கோடையில் சில வாரங்களே வளரும் செடி, இழந்த இடத்தை மீட்க நெடுங்காலம் வேண்டும். உத்தராகண்டத்தில் இதனை அருகிவரும் செடியாகப் பல ஆய்வாளர் கணிப்பதன் காரணம் இதுவாகும். புவி வெப்பமாதலால் மர எல்லை மேல்நோக்கி நகருமாயின் செடியும் மேலே நகர வேண்டும். மலைக்கோ உச்சி உண்டு, அதற்குமேல் இடமில்லை.

மலரைப் பெறுவோர் தென்னாட்டவராயின் இச்செய்தி அவர்க்கு எட்டுதல் வேண்டும். அது தமிழில் எட்டுவதற்குத் தடையாய் நிற்பது அப்பெயரே.

தமிழில் இச்சொல்

தமிழும் தாமரையை விரித்து வழங்கிய மொழியே. ஓரிதழ்த்தாமரை தரையில் படரும் மருந்துச் சிறுபூண்டு. ஆகாயத்தாமரை நீரில் மிதப்பது. இரண்டும் தாமரை அல்ல. ஆயினும் இப்பெயர்கள் தனித்தனிச் செடிகளோடு நிலைபெற்றமையின் மயக்கம் தரவில்லை. இதே செடிக்கூட்டத்தைச் சார்ந்ததாக நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்ட மற்றொரு இமயமலைச் செடி தமிழுக்குப் பழமையான அறிமுகம் உடையது. ஐவகை விரைகளுள் ஒன்றாக எண்ணப்படும் கோட்டம், நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கோஷ்டம் என விற்கப்படும் மணவேர், சசூரியா காஸ்டசு என அறியப்பட்ட செடியின் வேரே. காசுமீர மலைகளிலிருந்து வணிக வழியில் பல நூற்றாண்டுகளாய் வந்த அவ்வேர் தன் பெயரைத் தன்னோடு கொண்டுவந்தது. கடையில் பொருளைக் காட்டிப் பெயர் சொன்னமையால் பெயர் பிறழவில்லை. பிரமகமலமோ செவிவழிப் பெயராக மட்டும் வந்தது.

வழக்கில் ஊன்றிவிட்ட பெயரைப் பறித்துவிடல் அகராதியாளரால் இயலாது, வேண்டுவதும் அன்று. மாடித்தொட்டிப் பூவைப் பிரமகமலம் என அழைப்பவர் அவ்வாறே அழைப்பர். ஆனால் அகராதிகளும் பாடநூல்களும் கலைக்களஞ்சியங்களும் இரு பொருளையும் ஒன்றாக்கி எழுதுதல் தவிர்க்கத்தக்கது. பிரமகமலம் என்ற தலைச்சொல்லின் கீழ் முதற்பொருளாக, 'இமயமலையில் மர எல்லைக்கு மேல் பாறைச் சரிவுகளில் வளர்வதும், வெளிறிய செதிலுறைக்குள் ஊதாப் பூந்தலைகள் உடையதும், சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்ததுமான செடி' என்று தரலாம். இரண்டாம் பொருளாக, 'இரவில் வெண்பூப் பூக்கும் மெக்சிகோக் கள்ளி. நிசாகந்தி' எனச் சுட்டி, 'தென்னிந்திய வழக்கு' என்ற குறிப்பையும் சேர்க்கலாம். நிசாகந்தி என்னும் சொல் இரவில் மணப்பது என்று தன் பொருளைத் தானே விளக்குவதால், செய்தித்தாள்கள் அதனை மேற்கொள்வதில் இடர்ப்பாடு ஏதும் இல்லை. முதற்பொருளுக்குப் படம் சேர்க்க விரும்பும் பதிப்பாசிரியர், இந்திய அஞ்சல்துறை 1982-இல் வெளியிட்ட இமயமலை மலர்கள் வரிசையிலுள்ள நான்கு அஞ்சல்தலைகளுள் ஒன்றை நோக்கலாம். இச்செடியின் உருவம் அதில் இடம்பெற்றுள்ளது.